தாத்தாவின் மோரிஸும் மாமா எழுதாத கடிதமும்

போன வருஷம் எங்கள் மாமா வீட்டில் ஒரு பெரிய சண்டை. காரணம் ஒரு பழைய காடி. காடிகூட இல்லை, அந்தக் காடியைப் பற்றி எழுதச் சொன்ன ஒரு பக்கக் கடிதம்.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1966-இல் ஒரு மோரிஸ் மைனர் 1000 வாங்கினார். புதுசு இல்லை, 1959-இல் பதிவான வண்டி. பழைய பதிவுப் புத்தகத்தில் முதல் பெயர் ஒரு வெள்ளைக்காரச் சின்னத் துரையுடையது. இரண்டாவது பெயர் மை பரவி அழிந்துவிட்டது. மூன்றாவது எங்கள் தாத்தா. அவருக்குப் பிறகு மாமா. ஆக, நாலு பேர் கை மாறிய வண்டி. அதில் ஒருவர் யாரென்றே தெரியாது.

மாமாவுக்கு முட்டி தேய்ந்துபோய் ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை. காடியையும் முன்போல் ஓட்ட முடியவில்லை. விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து பழைய காடி சேர்க்கும் ஓர் இளைஞர் வந்தார், நம்ம பிள்ளைதான். காடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், 22,000 வெள்ளி என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். காப்பி குடிக்கும்போது அத்தை சும்மா இருக்காமல் ஒரு கதையை எடுத்துவிட்டார். 1969 தேர்தல் நேரத்தில் ஒரு பெரிய தலைவர் தோட்டத்துக்குக் கூட்டம் பேச வந்தாராம். திரும்பும்போது அவர் வந்த காடி பழுதாகி, தாத்தாதான் இந்த மோரிஸில் ஏற்றிக்கொண்டு ஈப்போவில் கொண்டுபோய் விட்டாராம்.

அந்த இளைஞர் கப்பைக் கீழே வைத்தார். "அங்கிள், இதை ஒரு லெட்டரா எழுதி, ஓத் கமிஷனர்கிட்ட சத்தியப் பிரமாணம் பண்ணிக் குடுத்துடுங்க. 30,000 தர்றேன்."

மாமா உடனே சொன்னார்: "நான் பாக்கலைப்பா. அப்போ எனக்கு ஆறு வயசு. அப்பா சொல்லிக் கேட்டதுதான்."

அவ்வளவுதான். மாமா மகன் பிடித்துக்கொண்டான். "தாத்தா சொன்னது பொய்யாப்பா? தாத்தா பொய் சொல்ற ஆளா? உண்மைன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் எழுத என்ன?"

அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் நல்ல பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. ஒரு காடியை யார் யார் வைத்திருந்தார்கள், யார் ஏறினார்கள் என்பதைக் காகிதத்தில் காட்டினால் அதன் விலை ஏன் ஏற வேண்டும்? இரும்பு அதே இரும்பு, என்ஜின் அதே என்ஜின். கடிதம் எழுதுவதற்கு முன்னும் பின்னும் காடியில் ஓர் ஆணிகூட மாறவில்லை. அப்படியானால் அந்த 8,000 வெள்ளி எதற்கு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்துக்கு விலை தருவதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். மோரிஸ் மைனர் அபூர்வமான காடி இல்லை. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. பிரிட்டனில் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் கார் இதுதான். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் வாத்தியார், டிரஸ்ஸர், கிராணி என்று யாரைப் பார்த்தாலும் மோரிஸ்தான். ஆகவே இரண்டு மோரிஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பெயின்ட் பளபளப்பை வைத்து எது நல்லது என்று சொல்ல முடியாது. இந்தக் காடிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. அடித்தளத்திலும் கதவுக்குக் கீழேயும் துரு பிடித்தால் காடியின் முதுகெலும்பே போய்விட்டது என்று அர்த்தம். அதன்மேல் புட்டி அப்பி, சாயம் அடித்துவிட்டால் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்றொரு பாகம் இருக்கிறது. அதற்கு ஒழுங்காக கிரீஸ் அடிக்காமல் விட்டால் தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஓட்டும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தாத்தாவிடம் ஒரு மைலோ டின் இருந்தது. அதில் முப்பது வருஷத்து ரசீது. டவுனில் ஒரு சீனர் பட்டறையில் கிரீஸ் அடித்தது, பிரேக் மாற்றியது, 1983-இல் உடைத்துப் போட்ட இன்னொரு மோரிஸிலிருந்து கியர்பாக்ஸ் எடுத்து மாட்டியது, தரைத் தகட்டை வெட்டி ஒட்டியது, எல்லாம் தேதியோடு இருக்கிறது. பாதி மலாயில், பாதி சீனத்தில். அந்த டின்னைத் திறந்து பார்த்ததால்தான் அந்த இளைஞர் 22,000 வரைக்கும் வந்தார் என்று நினைக்கிறேன். அது நியாயமான விலை. அந்த ரசீதுகள் காட்டுவது தாத்தாவின் பெருமையை அல்ல. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒருத்தர் முப்பது வருஷம் அக்கறையாக இருந்தார் என்பதைக் காட்டுகின்றன. முகம் தெரியாத அடுத்த ஆளுக்கு அது உயிர் காக்கும் செய்தி.

ஆனால் அதே ரசீதுகள் இன்னொரு கேள்வியையும் கிளப்பிவிட்டன. கியர்பாக்ஸ் மாறிவிட்டது, தரை மாறிவிட்டது, சீட்டும் மாறிவிட்டது. பெயர் மாற்றத்துக்குப் போனால் சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள், அது சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாமா மகன் கிண்டலாகக் கேட்டான்: "இதுல தாத்தா காடி எவ்வளவு மிச்சம்?"

இதே கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி பந்தயக் கார் 1929-இலும் 1930-இலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. இரண்டு முறையும் உல்ஃப் பார்னாட்டோ ஓட்டுநர்களில் ஒருவர். 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டிய கிளைவ் டன்ஃபி, அது தடத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் பறந்து விழுந்ததில் இறந்தார். அதன் பிறகு அதைச் சாலையில் ஓட்டும் காராக மாற்றிக் கட்டினார்கள். 1990-இல் அதை ஒரு கோடி பவுனுக்கு விலை பேசினார்கள். பேசி முடித்த பிறகு வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். இது நிஜமான ஓல்ட் நம்பர் ஒன் இல்லை, பாகமெல்லாம் மாறிப்போச்சு என்றார்கள். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி ஒட்டன் ஒவ்வொரு பாகமாக ஆராய்ந்தார். 1929-இல் ஓடிய காரின் பாகங்களில் மிச்சம் இருந்தது மிகக் கொஞ்சம். ஆனாலும் விற்றவர் பக்கம்தான் தீர்ப்பு. இதை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது, ஆனால் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இதுதான் என்றார். பாகங்கள் ஒரேயடியாக மாறவில்லை. பந்தயத்தில் ஓடி ஓடி, அடிபட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாறின. தொடர்ச்சி எங்கேயும் அறுந்துபோகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு காரும் இல்லை.

நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. கோயிலில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்கிறோம். பழைய அத்தாப்புக் கூரை போய்த் தகரம், தகரம் போய் கான்கிரீட். தோட்டத்தை விற்றபோது மரத்தடியிலிருந்து மேட்டுக்கு இடம் மாறிய கோயில்கள் எத்தனை! பழைய செங்கல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் நாம் அதை "எங்க தாத்தா காலத்துக் கோயில்" என்றுதான் சொல்கிறோம், பொய் சொல்வதாக நினைப்பதில்லை. பூசை விட்டுப்போகாமல் நடந்ததே அந்தத் தொடர்ச்சி.

கோயில் பேச்சு வந்ததால் ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். அந்தக் கோயில்களில் பலவற்றுக்குக் காகிதம் கிடையாது. துரை வாயால் "சரி" என்றார், மண்டோர் மூங்கில் வெட்டினார், கோயில் எழுந்தது. நூறு வருஷம் கழித்து நிலத்துக்கு வேறு உரிமையாளர் வந்து "கிராண்ட் எங்கே?" என்று கேட்டபோது நீட்ட ஒன்றும் இல்லை. காடியிலும் இதே கதைதான். துரையின் ஜாகுவாருக்கு வாங்கிய பில், கம்பெனிக் கடிதம், போட்டோ எல்லாம் ஃபைலில் இருக்கும். கிராணியின் மோரிஸுக்கு ஒரு மைலோ டின், அதுவும் தாத்தா மாதிரி ஆள் என்பதால். பால்மரம் வெட்டியவரின் சைக்கிளுக்கு ஒன்றுமே இல்லை. ஆவணம் உள்ள வரலாற்றுக்குத்தான் மதிப்பு என்று சந்தை சொல்லும்போது, எழுத்து யார் கையில் இருந்ததோ அவர்களுடைய வரலாற்றுக்கே மறுபடியும் விலை போடுகிறது. இதை நினைத்தால் மாமா மகன் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. நம்மிடம் காகிதம் இல்லை, வாய்ச்சொல்தான் இருக்கிறது. அந்த வாய்ச்சொல்லை நாமே காகிதமாக்கினால் என்ன தப்பு?

நம் சமயத்தில் வாய்ச்சொல்லை லேசாக ஒதுக்கியதில்லை. ஒன்றை உண்மை என்று எப்படி அறிகிறோம் என்பதற்கு 'அளவை' என்று பெயர். சைவ சித்தாந்தம் முக்கியமாக மூன்றைச் சொல்கிறது: காட்சி, கருதல், உரை. நேரில் பார்த்து அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. ஆகம வாக்குதான் உரைக்குத் தலையான உதாரணம். ஆனால் அன்றாட வாழ்க்கையே உரையில்தான் ஓடுகிறது. உங்கள் பிறந்த நாள் உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னார்கள், நம்புகிறோம்.

நியாய நூலார் உரைக்கு ஒரு நிபந்தனை வைக்கிறார்கள். சொல்கிறவர் 'ஆப்தர்' ஆக இருக்க வேண்டும். அதாவது விஷயத்தை நேராக அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர். இந்த இரண்டையும் காடிக் கதையில் பொருத்திப் பார்த்தேன். தாத்தா ஆப்தர். அவரே ஓட்டியவர். அந்தக் கதையை அவர் சொன்ன காலத்தில் அதனால் ஒரு சதம் கிடையாது. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்குச் சொன்னது. மாமா ஆப்தரா? தலைவர் ஏறிய விஷயத்தில் இல்லை, அவர் பார்க்கவில்லை. ஆனால் 'அப்பா இப்படிச் சொன்னார்' என்ற விஷயத்தில் அவரும் ஆப்தர்தான், அவர் காதால் கேட்டவர்.

மாமா மகன் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். தாத்தா சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் 'தலைவர் இந்தக் காடியில் ஏறினார்' என்று மாமா சத்தியம் செய்தால் அது பொய். சங்கதி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை, 'எனக்குத் தெரியும்' என்கிற வார்த்தைதான் பொய். அதைவிட மோசம் இன்னொன்று இருக்கிறது. 8,000 வெள்ளி நடுவில் வந்தவுடனே சொல்கிறவரின் இரண்டாவது தகுதியும் ஆட்டம் காண்கிறது. ஐம்பது வருஷம் காசில்லாமல் சொன்னபோது நம்பத்தக்கதாக இருந்த கதை, விலைப்பட்டியலில் ஏறிய அன்றைக்குச் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. நாளைக்கு அந்தக் காடியை வாங்குகிறவர் அந்தக் கடிதத்தை மட்டும் சந்தேகிக்க மாட்டார். மைலோ டின் ரசீதுகளையும் சந்தேகிப்பார். முப்பது வருஷம் நேர்மையாகச் சேர்த்த காகிதத்தை ஒரு பக்கம் கெடுத்துவிடும்.

சரி, தலைவர் ஏறியது நிரூபணமே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதற்கு 8,000 வெள்ளி தரலாமா? இது வேறு கேள்வி. இதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை.

1968-இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் ஒரு பச்சை மஸ்டாங்கைப் பறக்கவிடுவார். படத்துக்குப் பயன்படுத்திய இரண்டு மஸ்டாங்குகளில் ஒன்றை 1974-இல் ஒரு குடும்பம் விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கி, வீட்டுக் காடியாக ஓட்டியது. 1977-இல் மெக்குவீனே அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதினார், அவர்கள் கொடுக்கவில்லை. பிறகு அது பல வருஷம் ஓடாமல் கிடந்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் போன விலை, கட்டணத்தோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். புதுப்பிக்கக்கூட இல்லை, அடிபட்ட தடமெல்லாம் அப்படியே இருந்தது. அந்தத் தடத்துக்கும் சேர்த்துத்தான் விலை. மெக்குவீன் எழுதிய கடிதமும் கார் கூடவே இருந்தது. அதே வருஷத்து வேறொரு மஸ்டாங் அந்த விலையில் ஒரு சின்னத் துண்டுக்குக் கிடைக்கும்.

இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. பரதன் சிம்மாசனத்தில் ஏற்றியது ஒரு ஜோடிப் பாதுகையை. மரத்தின் தரம் பார்த்து ஏற்றவில்லை. பெரியவர்கள் தொட்ட பொருளில் ஏதோ தங்கிவிடுகிறது என்ற உணர்வு நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் பரதன் அதை ஏலத்தில் எடுக்கவில்லை, விற்கவும் நினைக்கவில்லை. பாதுகையின் மதிப்பு ராமனுக்கும் அவனுக்கும் இருந்த உறவு. மெக்குவீனுக்கும் மஸ்டாங்கை வாங்கியவருக்கும் என்ன உறவு? படம் பார்த்த ஞாபகம். அதுவும் ஓர் உறவுதான் என்று ஒருவர் வாதாடினால் நான் மறுக்க மாட்டேன், அவர் காசு, அவர் ஆசை. என் கணக்கில் மட்டும் ஒரு வரிசை இருக்கிறது: கிரீஸ் அடித்த ரசீது முதலில், தொடர்ச்சியைக் காட்டும் பதிவுப் புத்தகம் அடுத்து, யார் ஏறினார் என்பது கடைசியில். சந்தையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கிரீஸ் அடித்த அந்த ஃபோர்மேன் பெயரை யாரும் கேட்பதில்லை.

மாமா கடைசியில் ஒரு கடிதம் எழுதினார். ஓத் கமிஷனரிடம் போகவில்லை, வீட்டிலேயே உட்கார்ந்து கையால் எழுதினார். எனக்குப் படிக்கக் கொடுத்தார். தாத்தா 1966 முதல் இந்தக் காடியை வைத்திருந்தார், பதிவுப் புத்தகத்தில் இரண்டாவது உரிமையாளர் பெயர் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியாது. 1983-இல் கியர்பாக்ஸ் மாற்றப்பட்டது. 1969-இல் இன்னார் இதில் ஈப்போ வரை சென்றதாக என் தகப்பனார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன், நான் பார்க்கவில்லை, போட்டோ இல்லை. கீழே கையெழுத்து, தேதி.

மாமா மகன் படித்துவிட்டு, "இதுக்கு ஒரு வெள்ளிகூடத் தர மாட்டான்" என்றான். அவன் சொன்னது சரிதான். வாங்க வந்தவர் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை, 22,000 எண்ணிக் கொடுத்தார். தனியார் மருத்துவமனைக்கு அது பற்றவில்லை. மாமா அரசாங்க மருத்துவமனையில் பெயர் கொடுத்து ஏழு மாதம் காத்திருந்தார். அந்த ஏழு மாதமும் அத்தைதான் கையைப் பிடித்து நடக்கவைத்தார். மகன் அதைப் பற்றி இன்னும் அவ்வப்போது முணுமுணுக்கிறான்.

காடி போகும்போது மாமா மைலோ டின்னையும் பின் சீட்டில் வைத்துவிட்டார். கடிதம் அதற்குள்ளேதான் இருந்தது. புது உரிமையாளர் அதை வைத்திருக்கிறாரா, கிழித்துப் போட்டுவிட்டு வேறு கதை சொல்கிறாரா, எங்களுக்குத் தெரியாது. போன தைப்பூசத்தில் ஈப்போவில் ஒரு பழைய மோரிஸைப் பார்த்தேன். நம்பரைப் பார்க்க ஓடினேன். அது வேற காடி.